ஆழ்வாரோடு அவருடைய கோப்பும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் ஆலயத்துத் திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்திகளை ஒன்றுவிடாமல் படித்து, கத்தரித்தும் வைத்திருக்கிறேன். திருமேனி எப்படிக் களவு போனது, எங்கே கண்டறியப்பட்டது, அதை மீட்க யார் யார் முயன்றார்கள் என்பனவற்றையெல்லாம் அச்செய்திகள் சொல்கின்றன. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் எத்தகையது என்பதை மட்டும் ‘வெளிநாட்டு அருங்காட்சியகம்’ என்ற இரண்டு சொற்களில் கடந்துவிடுகின்றன. அது போய்ச் சேர்ந்த ஆஷ்மோலியன் என்பது இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குரிய அருங்காட்சியகம். நூலகமும் ஆய்வுக்கூடமும் எப்படி ஒரு பல்கலைக்கழகத்தின் உறுப்புகளோ அப்படியே அதுவும் ஓர் உறுப்பு. இந்த ஒரு விவரத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஆழ்வாரின் கதை சற்று வேறுவிதமாகப் புரியும் என்பதாலும், நம் பல்கலைக்கழகங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அதிலிருந்து எழுகிறது என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். சட்டமோ தொல்லியலோ என் துறை அல்ல. கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

எலியாஸ் ஆஷ்மோல் என்பவர் தம்மிடம் இருந்த அரும்பொருள்களை ஆக்ஸ்போர்டுக்குத் தர முன்வந்தபோது, அவற்றை வைப்பதற்குத் தகுந்த கட்டடம் ஒன்றைப் பல்கலைக்கழகம் எழுப்ப வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அவற்றில் பெரும்பகுதி அவரே தேடிச் சேர்த்தவை அல்ல. டிரெடஸ்கன்ட் என்ற குடும்பப் பெயர் கொண்ட தோட்டக்கலைஞர்கள் இருவர், தந்தையும் மகனும், லண்டனை ஒட்டிய லாம்பெத்தில் திரட்டி வைத்திருந்தவை. 1683இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மேல்தளத்தில் அரும்பொருள்கள், நடுத்தளத்தில் விரிவுரைக் கூடம், நிலவறையில் வேதியியல் ஆய்வுக்கூடம். பார்ப்பது, கேட்பது, சோதித்து அறிவது ஆகிய மூன்றையும் ஒரே படிக்கட்டு இணைத்தது. கட்டணம் செலுத்திய எவரும் உள்ளே வரலாம் என்பது அக்காலத்தில் புதுமை. 1710இல் அங்கே சென்ற உஃபென்பாக் என்ற ஜெர்மானிய அறிஞர், ஆறு பென்னி கொடுத்துவிட்டு நாட்டுப்புறத்தாரும் பெண்களும் மேலே ஏறிவந்து கண்டதையெல்லாம் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று முகம் சுளித்து எழுதினார். அந்தச் சுளிப்பையே அந்த அருங்காட்சியகத்துக்குக் கிடைத்த முதல் நற்சான்றாக நான் கருதுகிறேன்.

இன்றுள்ள கட்டடம் அதுவல்ல. காக்கரெல் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1845இல் நிறைவடைந்த பல்கலைக்கழகக் கலைக்கூடங்களின் வளாகத்துக்குத் தொல்பொருள்கள் 1894இல் இடம்பெயர்ந்தன. 1908இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டுக் கலைக்கும் தொல்லியலுக்குமான அருங்காட்சியகம் உருவானது. 2009இல் 61 மில்லியன் பவுண்டு செலவில், 39 புதிய காட்சிக்கூடங்களோடு அதன் பின்பகுதி முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டது.

2017ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தில் பணிபுரியும் என் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். ரஃபேலின் கோட்டோவியங்களுக்கென அப்போது அங்கே நடந்த கண்காட்சிக்கு மகள் என்னை அழைத்துச் சென்றாள். ஏறத்தாழ 120 படங்கள். வாழ்நாள் முழுவதும் மோசமான அச்சில், தபால் அட்டை அளவில் மட்டுமே பார்த்து மாணவர்களுக்குக் காட்டிவந்த கோடுகளை முதன்முறையாக நேரில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டதை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இயேசுவின் சீடர்கள் இருவரின் தலைகளையும் கைகளையும் கறுப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த ஒரு தாள் அங்கே இருந்தது. 1520இல், தம் 37ஆம் வயதில் ரஃபேல் இறந்தபோது அவர் கைவசமிருந்த கடைசிப் பெரிய ஓவியத்துக்காக அவர் செய்த ஆயத்தம் அது. உற்றுப் பார்த்தால் கோடுகளின் ஓரமாகச் சிறுசிறு புள்ளிகள் தெரிகின்றன. ஊசியால் துளையிட்ட தாளின் மேல் கரித்தூளைத் தட்டி, படத்தின் வரையை அடுத்த தாளில் இறக்கும் முறையின் தடயங்கள் அவை. நம் கலம்காரிக் கலைஞர்களுக்கும் பழக்கமான முறைதான். அச்சுப் படத்தில் எனக்கு ஒருபோதும் தென்படாத அந்தப் புள்ளிகளை ஒரு தொழில்காரனின் கைரேகையைப் போல அங்கே கண்டேன்.

அந்தக் கண்காட்சியைப் பற்றிப் பின்னர் யோசித்தபோதுதான் எனக்கு வேறொன்று விளங்கியது. அந்த 120 படங்களில் ஐம்பது ஆஷ்மோலியனுக்கே சொந்தமானவை. இருபத்தைந்து வியன்னாவின் ஆல்பர்டினாவிலிருந்தும், எஞ்சியவை பிற இடங்களிலிருந்தும் இரவலாக வந்தவை. உலகில் ரஃபேலின் கோட்டோவியங்கள் மிகுதியாக உள்ள இடம் அந்தப் பல்கலைக்கழக அருங்காட்சியகமே. தாமஸ் லாரன்ஸ் என்ற ஓவியர் சேர்த்து வைத்திருந்த ரஃபேல், மைக்கலாஞ்சலோ படங்கள் அவருடைய மரணத்துக்குப் பின் விற்பனைக்கு வந்தபோது, நன்கொடை திரட்டி, 7,000 பவுண்டு விலையில் 1846இல் ஆக்ஸ்போர்டுக்கென வாங்கினார்கள். அதில் 4,000 பவுண்டை எல்டன் பிரபு என்ற ஒருவரே கொடுத்தார். 1846இல் வாங்கியதன் பலனாக 2017இல் ஒரு கண்காட்சி சாத்தியமாயிற்று. தன்னிடம் ஐம்பது இருந்ததால்தான் வியன்னாவிடம் இருபத்தைந்தைக் கேட்க முடிந்தது. ஒன்றும் இல்லாதவனுக்கு எவரும் இரவல் தருவதில்லை என்பது அருங்காட்சியகங்களுக்கும் பொருந்தும். நாம் செய்திகளில் படிக்கும், நுழைவுச்சீட்டு வாங்கி வரிசையில் நின்று பார்க்கும் கண்காட்சிகள் மூன்று நான்கு மாதங்களில் முடிந்து போகின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் நிரந்தரத் தொகுப்பைக் கட்டணமின்றியே பார்க்கலாம். அதற்கு வரிசை இல்லை, செய்தியும் இல்லை.

நிரந்தரத் தொகுப்பு என்றால் நிரந்தரமாகச் சுவரில் தொங்குவது என்று நானும் எண்ணியிருந்தேன். அப்படியல்ல. தாளில் வரைந்த எதற்கும் வெளிச்சம் பகை. ஒருமுறை வெளிறிய வண்ணம் மீண்டும் வராது. ஒவ்வொரு நாளின் வெளிச்சமும் முந்தைய நாளின் சேதத்தோடு சேர்ந்துகொண்டே போகும். ஆகவே இத்தகைய படங்களை 50 லக்ஸ் அளவிலான மங்கிய ஒளியில் சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு, பின் ஆண்டுக்கணக்கில் பெட்டியின் இருளில் ஓய்வெடுக்க விடுகிறார்கள். அப்படியானால் அவை யாருக்காக இருக்கின்றன என்ற கேள்வி எழும். இங்கேதான் பல்கலைக்கழகத்துக்குரிய அருங்காட்சியகத்தின் தனித்தன்மை வெளிப்படுகிறது. முன்கூட்டி எழுதிக் கேட்டால், மாணவரோ பேராசிரியரோ அல்லாத ஒருவர்கூட அங்குள்ள அச்சுப்படங்கள், கோட்டோவியங்கள் அறையில் அமர்ந்து, தாம் கேட்ட படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரச்சொல்லிப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. என் மகள் எனக்காக எழுதிக் கேட்டாள். கும்பகோணத்துப் பள்ளி ஓவிய ஆசிரியர் என்பது போதுமான தகுதியாகவே ஏற்கப்பட்டது.

நான் பார்க்கக் கேட்டது ரஃபேலை அல்ல. அவை அப்போது கண்காட்சியில் இருந்தன. ஜான் ரஸ்கின் வரைந்த மீன்கொத்தியைக் கேட்டேன். ரஸ்கின் ஆக்ஸ்போர்டின் நுண்கலைப் பேராசிரியராகி, 1871இல் அந்தக் கலைக்கூடங்களிலேயே ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவர். மாணவர்கள் பார்த்து வரைவதற்கென்றே தம் படங்களையும் டர்னரின் நீர்வண்ணங்களையும் டியூரரின் அச்சுப்படங்களையும் புகைப்படங்களையும் நான்கு வரிசைகளாக வகுத்து, சட்டமிட்டு, இழுத்து எடுத்துப் பார்க்கும்படியான பேழைகளில் அடுக்கி வைத்தார். கற்பிப்பதற்கென ஓர் ஆசிரியர் திரட்டிய அந்தத் தொகுப்பு இன்றும் அருங்காட்சியகத்தில் உள்ளது. கைகளைக் கழுவிவிட்டு வந்து, பேனாவைப் பையில் போட்டுவிட்டு, பென்சிலோடு நான் உட்கார்ந்தேன். ஒரு சாய்மேசையில் அந்தப் பறவையை வைத்துவிட்டுப் போனார்கள். அரசலாற்றங்கரையில் அறுபது ஆண்டுகளாக நான் பார்த்துவரும் அதே சிறுநீலச் சிரல். கழுத்தோரத்தில் நீலம் பச்சையாக மாறும் இடத்தை ரஸ்கின் எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்றரை மணி நேரம் கழிந்தது. எவரும் வந்து ‘ஆயிற்றா’ என்று கேட்கவில்லை. ஓவியம் கற்பிக்கும் கல்லூரி ஒவ்வொன்றிலும் இத்தகைய ஓர் அறை இருந்திருந்தால் நான் இதைவிட நல்ல ஆசிரியனாக இருந்திருப்பேன் என்ற எண்ணத்தை இன்றுவரை விலக்க முடியவில்லை.

அங்கே நடப்பதெல்லாம் சிறப்பு என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 2019இல் ஜெஃப் கூன்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞரின் பளபளக்கும் உருவங்களைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். படங்களில்தான் பார்த்தேன், அந்தத் தொகுப்புக்கும் இதற்கும் என்ன உறவு என்று எனக்குப் புரியவில்லை. பல்கலைக்கழகத்து மாணவர் சங்கம் ஒன்று அவரை அழைத்ததிலிருந்து தொடங்கியது என்பதால் மட்டும் மன்னிக்கலாம். அதற்கு மாறாக, 2023இல் கிரேக்கத்தின் கிரீட் தீவிலுள்ள நொசஸ் என்ற பழைய நகரைப் பற்றி நடந்த கண்காட்சி முறையாக வேர்விட்டு வளர்ந்த ஒன்று. அந்நகரில் 1900இல் அகழாய்வைத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ், 1884 முதல் 1908 வரை அதே அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர். அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளும் வரைபடங்களும் அங்கேயே இருக்கின்றன. தன் பழைய காப்பாளர் சொன்னவற்றில் எது சரி, எது அவருடைய கற்பனை என்று அருங்காட்சியகமே பொதுமக்கள் முன்னிலையில் ஆராய முடிந்தது.

இனி ஆழ்வாருக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு செய்தி. ஹோவர்ட் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கில ஓவியர் வாழ்நாளெல்லாம் முகலாய, ராஜஸ்தானிய ஓவியங்களையும் இமயமலை அடிவாரத்துப் பகாரி ஓவியங்களையும் சேர்த்தவர். அவை நெடுங்காலம் ஆஷ்மோலியனில் இரவலாக இருந்தன. 2012இல் அவற்றைக் கொண்டு அங்கே ஒரு கண்காட்சியும் நடந்தது. 2017இல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பு அங்கேயே நிலைத்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் அவற்றில் பல இந்தியாவை விட்டு எப்போது, எவ்வழியே வெளியேறின என்பதற்குப் போதிய சான்று இல்லை என்ற காரணத்தால் ஆஷ்மோலியன் அதை ஏற்கவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2022இல் அதன் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டது. விருந்தாளியாக வைத்துக் கொண்டாடலாம், குடும்பத்தில் சேர்க்க முடியாது என்று ஒரு வீடு சொன்னது. இன்னொரு வீடு சேர்த்துக்கொண்டது. கண்காட்சிக்கும் நிரந்தரத் தொகுப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. உடைமையாக்கிக்கொள்ளும்போது அந்தப் பொருளின் முழுப் பழங்கதைக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கண்டிப்பு 1967இல் இருந்திருந்தால் ஆழ்வார் ஆக்ஸ்போர்டுக்குப் போயிருக்கவே மாட்டார். அவ்வாண்டு லண்டனின் சதபீஸ் ஏலத்தில், பெல்மான்ட் என்ற சேகரிப்பாளரின் தொகுப்பிலிருந்து விற்பனைக்கு வந்த திருமேனியைப் பல்கலைக்கழகம் வாங்கியது. பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக் கைமாற்றத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல்தான் வந்தது. நம் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் 1972க்குரியது. 1947ஆம் ஆண்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு முன்பே நடப்பில் இருந்தது என்றாலும், ஏலத்தில் வாங்குகிறவர் இந்தியாவின் ஏற்றுமதி உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் அரிது. கேட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வடிவத்தையும் காலத்தையும் நுட்பமாக ஆராய்ந்து 16ஆம் நூற்றாண்டு என்று கணிக்கத் தெரிந்த ஓர் அறிவாலயத்துக்கு, கையில் வாளும் கேடயமும் ஏந்திய ஓர் ஆழ்வாரின் உற்சவ மூர்த்தம் எந்த ஆலயத்திலிருந்து வந்திருக்கும் என்ற கேள்வி தோன்றியிருக்க வேண்டாமா? வழிப்பறி செய்து அடியார்க்கு அமுதிட்டவர் என்று நாம் போற்றும் ஒருவரே கடைசியில் களவு போனார் என்பதை எங்கள் ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

உண்மை வெளிப்பட்ட விதத்தைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களின் நடுவிலிருந்து தமிழகக் கோயில்களைப் படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று, 1957இல் சௌந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் இதே ஆழ்வாரை எடுத்த படம். தனித்து ஆய்வு செய்யும் அறிஞர் ஒருவர் இந்த ஒற்றுமையை 2019 நவம்பரில் ஆஷ்மோலியனுக்குத் தெரிவித்தார். அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. அதன் பின்னரே முறையான கோரிக்கை இந்தியாவிலிருந்து சென்றது. 11.3.2024 அன்று பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றம் திருப்பித் தர இசைந்தது. அங்கே பல்கலைக்கழகம் அறக்கொடை நிறுவனமாகக் கருதப்படுவதால், தன் உடைமை ஒன்றை விலையின்றிக் கொடுக்க அறக்கொடை ஆணையத்தின் ஒப்புதலையும் பெற வேண்டும் என்பது விதி. இங்கே என்ன நடந்தது என்று பார்த்தால், புதுச்சேரியில் ஒரு தொகுப்பும் ஆக்ஸ்போர்டில் ஒரு தொகுப்பும் ஒன்றையொன்று சந்தித்தன. இரண்டுமே ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்டவை, இரண்டுமே அயலார் பார்வைக்குத் திறந்திருந்தவை. இவற்றுள் ஏதேனும் ஒன்று பூட்டிய அறையில் கிடந்திருந்தாலும் ஆழ்வார் இன்னமும் பெயரளவில் ஒரு ‘தென்னிந்திய வெண்கல’மாகவே இருந்திருப்பார். கோயிலில் அதுவரை வைத்து வணங்கப்பட்டது போலி என்பது நம் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவின் விசாரணையில்தான் தெரியவந்தது. பக்கத்து ஊர்க்காரனான நானும் அந்தப் போலியைத்தான் வணங்கியிருக்கிறேன். சுவாமிமலையை அடுத்த ரயில் நிலையம்தான் சுந்தரப்பெருமாள்கோவில்; எத்தனையோ புரட்டாசிச் சனிக்கிழமைகளில் போயிருக்கிறேன். ஓவிய ஆசிரியரின் கண்ணுக்கும் அது புலப்படவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே ஒரு மறுப்பு எழும். உற்சவர் திருமஞ்சனம் கண்டு, மாலை சூடி, வீதியுலா வர வேண்டியவர். அவரைத் தொகுப்பு, பதிவேடு என்று பேசுவதே பிழை என்பார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆழ்வாரின் இடம் ஆலயம்தான். நான் பேசுவது ஆலயத்தைப் பற்றி அல்ல. நம் பல்கலைக்கழகங்களைப் பற்றி.

பல்கலைக்கழகத்துக்கு அருங்காட்சியகம் என்பது சீமையிலிருந்து வந்த ஆடம்பரம் அல்ல. கல்கத்தா பல்கலைக்கழகம் 1937இலேயே அசுதோஷ் முகர்ஜியின் பெயரால் இந்தியக் கலைக்கான அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொதுமக்களுக்கென அமைந்த முதல் அருங்காட்சியகம் அது. பான்கர், சந்திரகேதுகர் போன்ற இடங்களில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களே அகழாய்வு நடத்தி, கண்டெடுத்ததைத் தம் அருங்காட்சியகத்திலேயே வைத்தார்கள். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பாரத் கலா பவனை 1920இல் தொடங்கியவர் ராய் கிருஷ்ணதாஸ். தாம் உயிராகச் சேர்த்ததையெல்லாம் 1950இல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டு, தாமும் அங்கேயே இருந்து அதை வளர்த்தார். கோவர்த்தன மலையைத் தாங்கி நிற்கும் குப்தர் காலக் கண்ணனும், மயில் மேல் அமர்ந்த கார்த்திகேயனும் அங்கே உள்ளனர். காசிக்குப் போகும் நம்மவர்கள் கங்கையாடி, அனுமன் படித்துறையில் பாரதி இருந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பல்கலைக்கழக வளாகத்துக்குள் நம் முருகன் வடநாட்டுக் கோலத்தில் மயிலேறி அமர்ந்திருப்பதைப் பார்க்க ஓர் அரைநாள் ஒதுக்கலாம்.

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் கலைக்கல்லூரிகளிலும் பொருள்கள் இல்லாமல் இல்லை. அகழாய்வில் கிடைத்தவை, கொடையாக வந்தவை, முன்னாள் மாணவர்கள் தேர்வுக்காக வரைந்தவை, பழைய ஆசிரியர்கள் விட்டுச்சென்றவை என்று எத்தனையோ உண்டு. பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு கல்லூரிக்கு, அங்கே ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் சேர்ந்த மாணவர் ஓவியங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, என் மாணவர்கள் பதினோரு பேரை அழைத்துச் சென்றேன். முன்கூட்டி எழுதி, அனுமதியும் பெற்றிருந்தேன். அறை பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் விடுப்பில் போயிருந்தார். இருப்புப் பதிவேட்டை மட்டும் காட்டினார்கள். ‘ஓவியங்கள், பலவகை’ என்று ஒரே வரியும், அதற்கு எதிரே ஓர் எண்ணிக்கையும், ஆண்டுதோறும் தணிக்கையாளர் இட்ட சிவப்புக் குறியும் அதில் இருந்தன. எவருடைய ஓவியங்கள், எந்த ஆண்டு வரைந்தவை, எதனால் வரைந்தவை என்ற விவரம் எதுவும் இல்லை. ஆண்டுக்கொருமுறை எண்ணுகிறார்கள், ஒருமுறையும் பார்ப்பதில்லை. அந்த ஊழியர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. காப்பாட்சியர் என்ற பணியிடமே இல்லாத ஒரு நிறுவனத்தில் ஓர் இளநிலை உதவியாளர் வேறென்ன செய்ய முடியும்? மாணவர்களுக்கு அன்று நுங்கு வாங்கிக் கொடுத்து, ஆற்றங்கரையில் உட்கார வைத்து மரங்களை வரையச் சொன்னேன்.

கவனிக்காமல் விட்ட பொருளுக்கு நேரக்கூடியதை ஆஷ்மோலியனே அறியும். மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து அடியோடு அழிந்துபோன டோடோ பறவையின் உடல் ஒன்று டிரெடஸ்கன்ட் தொகுப்போடு அங்கே வந்தது. கவனிப்பாரற்றுச் சிதைந்து, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அதன் தலையும் ஒரு காலுமே எஞ்சின. அவை இப்போது அதே பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தத் தலையை ஊடுகதிரால் ஆராய்ந்தபோது, அதில் ஈயக் குண்டுகள் பதிந்திருப்பது 2018இல் தெரியவந்தது. வேடிக்கை காட்டப் பிடித்துவந்த பறவை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது, சுட்டுக் கொல்லப்பட்ட பறவை என்று ஆயிற்று. இந்தத் தலையும் குப்பைக்குப் போயிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழி இருந்திருக்காது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஆழ்வார் ஊர் திரும்புவதோடு, அவரைப் பற்றி ஆக்ஸ்போர்டில் இருக்கும் கோப்பின் நகலையும் நம் அரசும் அறநிலையத்துறையும் கேட்டுப் பெற வேண்டும். எந்த அருங்காட்சியகத்திலும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோப்பு இருக்கும். ஏலத்தில் அதைப் பற்றி அச்சிட்டது, கொடுத்த விலை, வாங்குவதற்கு முன்னும் பின்னும் எழுதிய கடிதங்கள், எடுத்த புகைப்படங்கள், எடை, அளவு, பழுது, பிற்காலத்தில் வந்த ஐயங்கள் யாவும் அதில் சேரும். 1957க்கும் 1967க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் என்ன நடந்தது என்பதை அறிய அதுவே நமக்குக் கிடைக்கக்கூடிய முதல் கயிறு. அதே ஆலயத்திலிருந்து போனதாகச் சொல்லப்படும் மற்றத் திருமேனிகளைத் தொடர்வதற்கும் அது உதவும். வரவேற்பு விழாவில் மேளமும் வாணவேடிக்கையும் இருக்கட்டும். ஆனால் அந்தத் தாள்கட்டையும் ஒருவர் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

அந்த நகலை வைத்துப் பேண ஒரு பல்கலைக்கழகம் முன்வர வேண்டும் என்பது என் வேண்டுகோளின் இரண்டாம் பகுதி. காவல்துறையின் கோப்புகளோடு அது வழக்கு முடிந்ததும் உறங்கிப் போகக் கூடாது. கலை வரலாறு படிக்கும் ஒரு மாணவி எழுதிக் கேட்டால், ஒரு மேசையும் வெளிச்சமும் தந்து, அதைப் பிரித்துப் பார்க்க விட வேண்டும். அப்படி ஓர் அறையை ஆயத்தம் செய்யும் பல்கலைக்கழகம், அதே முயற்சியில் தன்னிடம் ஏற்கெனவே இருப்பவற்றுக்கும் ‘பலவகை’ என்று எழுதாத ஒரு பட்டியலைத் தயாரித்து, இணையத்திலும் வெளியிடலாம். பெரிய கட்டடம் வேண்டாம், குளிரூட்டிய கண்காட்சிக் கூடமும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு காப்பாட்சியர், ஒரு புகைப்படக் கருவி, கறையான் ஏறாத நான்கு இரும்பு அலமாரிகள், வாரத்தில் இரண்டு நாள் திறந்திருக்கும் கதவு ஆகியவை போதும். பட்டியலில் எழுத ஆள் இல்லையென்றால், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்கள் இம்மாவட்டத்தில் பலர் இருக்கிறோம். பென்சிலோடு வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.